பூஜைக்காக நிறுத்திய சர்வர்

டேட்டாபேஸ் சர்வருக்கு மெமரி ஒதுக்குவது எப்படி என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். எப்படி ஒதுக்க வேண்டும் என்பதை இப்போது யார் வேண்டுமானாலும் தேடிப் படித்துக்கொள்ளலாம். எப்படி ஒதுக்கக் கூடாது என்பதில்தான் எனக்கு அனுபவம் அதிகம். அரியலூர், பெரம்பலூர் இரண்டு மாவட்டத்திலும் அதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று தைரியமாகச் சொல்வேன். ஓய்வு பெற்றுவிட்டேன், இனி என் இன்க்ரிமென்ட்டில் யாரும் கை வைக்க முடியாது. அதனால் ஒன்றையும் விடாமல் சொல்கிறேன்.

நான் வேலை பார்த்தது அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில். பெயர் வேண்டாம். பெரம்பலூரில் வீடு, தினமும் பஸ். ஆலைக்குள் வருகிற ஒவ்வொரு லாரியும் முதலில் எடைமேடையில் ஏறிக் காலி எடை போட வேண்டும். பிறகு உள்ளே போய் மூட்டை ஏற்றிக்கொண்டு, திரும்பி வந்து பார எடை போட வேண்டும். இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமும் ஆகலாம், நான்கு மணி நேரமும் ஆகலாம். இந்த எடையெல்லாம் போய்ச் சேருகிற டேட்டாபேஸ் என் அறையில் இருந்த ஒரே ஒரு சர்வரில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அறையில் ஏசி உண்டு. ஆகவே மதியத்தில் பாதி ஆபீஸுக்கு அந்த சர்வர் மேல் திடீர் அக்கறை வந்துவிடும்.

இரண்டாம் எடைமேடையில் சுகன்யா என்று ஒரு ஆபரேட்டர். விக்கிரமங்கலம் பக்கத்துப் பெண், இருபத்தைந்து இருபத்தாறு வயது இருக்கும். சுண்ணாம்புக்கல் வெட்ட நிலம் கொடுத்தவர்களுக்கு வீட்டுக்கொரு வேலை என்று சொல்லி, கான்ட்ராக்டர் மூலமாக எடுத்தவர்களில் ஒருவர். கான்ட்ராக்ட் வேலை என்றால் உங்களுக்கே தெரியும். "நாளையிலிருந்து அந்தப் பொண்ணு வேணாம்" என்று ஒரு போன் போதும்.

அவர்தான் முதலில் என்னைக் கூப்பிட்டுப் புகார் சொன்னார். "சார், லாரி நம்பர் அடிச்சா ஸ்கிரீன் தொறக்கவே மூணு நிமிஷம் ஆவுது. டிரைவருங்க என்னையத்தான் சார் திட்டுறாங்க."

"பாக்கறேன்மா" என்றேன். நம் தொழிலில் இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் மூன்றாவது தடவை கூப்பிட்ட பிறகுதான் பார்த்தேன். பார்த்ததில், லாரிப் பட்டியலை வரிசைப்படுத்த டேட்டாபேஸுக்குக் கொடுத்திருந்த மெமரி மிகவும் குறைவு என்று தோன்றியது. நான்கு எம்பி. இந்தக் காலத்தில் நான்கு எம்பியா என்று எனக்கே கேவலமாக இருந்தது. அதை இருநூற்று ஐம்பத்தாறாக மாற்றினேன். மாற்றிவிட்டு, அமைப்புக் கோப்பில் அந்த வரிக்கு மேலேயே, 'வேகத்துக்காகக் கூட்டப்பட்டது' என்று குறிப்பெழுதி என் பெயரையும் தேதியையும் போட்டேன். நல்ல பழக்கம், நீங்களும் செய்யுங்கள். பின்னால் எவன் செய்தான் என்று தேட வேண்டியிருக்காது.

இதில் நான் இரண்டு தப்பு செய்தேன். ஒன்று, அந்த அளவு மொத்த சர்வருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அது திறந்திருக்கிற ஒவ்வொரு ஸ்கிரீனுக்கும் தனித்தனியாகப் போகிற அளவு. மொத்தப் பந்திக்கும் இவ்வளவு சாதம் என்று நினைத்து, இலைக்கு அவ்வளவு என்று சமையற்காரரிடம் சொன்ன மாதிரி. நாலு பேர் உட்கார்ந்தால் ஒன்றும் தெரியாது, நூறு பேர் உட்கார்ந்தால் அண்டா தாங்காது.

இரண்டாவது, கோப்பில் எழுதினால் மட்டும் போதாது. டேட்டாபேஸ் மறுபடி துவங்கும்போதுதான் அதைப் படிக்கும். ஆலை இருபத்து நான்கு மணி நேரமும் ஓடுகிறது, நிறுத்த வேண்டுமென்றால் மூன்று பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அடுத்த வாரம் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டேன். அடுத்த வாரம் மறந்தேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மறுநாள் சுகன்யாவைக் கூப்பிட்டு "இப்ப எப்படிம்மா இருக்கு?" என்று பெருமையாகக் கேட்டேன்.

"அப்படியேதான் சார் இருக்கு."

"நல்லாக் கவனிச்சுப் பாரும்மா."

லோடு அனுப்பும் பிரிவின் மேனேஜரைக் கேட்டேன். "பறக்குதுங்க சார்" என்றார். நான் மேனேஜரை நம்பினேன். சர்வருக்குப் போய்ச் சேராத மெமரியை வைத்து அது எப்படிப் பறக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பாராட்டு வந்தால் அதைச் சோதித்துப் பார்க்கிற வழக்கம் எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

இது ஆடி மாதம். பிறகு ஆயுத பூஜை வந்தது.

எங்கள் ஆலையில் ஆயுத பூஜை அன்று லாரி ஓடாது. பேக்கிங் பிரிவில் மெஷின்களை நிறுத்தி, துடைத்து, பொட்டு வைத்து, பூசணிக்காய் சுற்றி உடைப்பார்கள். என் சர்வருக்கும் வருஷா வருஷம் பொட்டு உண்டு. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போதேதான் வைப்பேன். அந்த வருஷம் மேனேஜர் வாசலிலேயே நின்றுகொண்டார்.

"சார், பேக்கிங் மெஷினையே நிறுத்திட்டோம். உங்க பொட்டி மட்டும் என்ன ஒசத்தியா? ஓடுற மெஷினுக்கு யாராச்சும் பூஜை போடுவாங்களா?"

லாரியும் இல்லை, எடையும் இல்லை, நிறுத்தினால் யாருக்கு என்ன என்று எனக்கும் தோன்றியது. மின்விசிறிக்குள் சிமெண்ட் தூசி அடைத்துக்கிடந்ததையும் எடுத்த மாதிரி இருக்கும். நிறுத்தினேன். துடைத்தேன். சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டு, இதழ் உள்ளே விழாதபடி மாலையை நூலால் இழுத்துக் கட்டினேன். அந்த அளவுக்குப் பொறுப்பு. சூடம் காட்டிவிட்டு சர்வரைத் திரும்பப் போட்டேன். ஒரு முனகலும் இல்லாமல் எழுந்தது. அது எழுந்து கோப்பைப் படித்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் பொரியில் கடலை பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

உங்களில் பாதிப் பேருக்கு இப்போதே புரிந்திருக்கும். எனக்குப் புரிய மறுநாள் மாலை ஆனது.

மறுநாள் விஜயதசமி, வெள்ளிக்கிழமை. அன்று முதல் லோடு எடுத்தால் வருஷம் முழுக்க வண்டி நிற்காது என்று டிரைவர்களுக்கு ஒரு நம்பிக்கை. அதோடு வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். பத்தரைக்கு முன்னால் காலி எடையாவது போட்டுவிட வேண்டும் என்று எல்லா லாரியும் விடியற்காலையிலேயே வந்துவிட்டது. முன்னால் வாழைக்கன்று, கண்ணாடியில் மாலை. வரிசை ஆலை வாசலைத் தாண்டி மெயின் ரோடு வரை நின்றது.

எட்டரை மணிக்கு சர்வர் விழுந்தது. எழுப்பினேன். ஒன்பதேகாலுக்கு மறுபடி விழுந்தது. பத்து அடிக்கக் கால் மணி நேரம் இருக்கும்போது மூன்றாவது தடவை. மெமரி தீர்ந்துபோய், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள சர்வரே டேட்டாபேஸைக் கொன்றிருக்கிறது என்று பதிவேட்டில் இருந்தது. அதுவரைக்கும் சரியாகத்தான் கண்டுபிடித்தேன்.

இந்த இடத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான். நேற்றுக்கும் இன்றைக்கும் நடுவே என்ன மாறியது? நானும் கேட்டேன். நெட்வொர்க் ஆளைக் கேட்டேன், எலக்ட்ரீஷியனைக் கேட்டேன், மேனேஜரைக் கேட்டேன். என்னை மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை.

"ஒண்ணும் மாறலங்க சார். பூஜை போட்டோம், அவ்வளவுதான்" என்றார் மேனேஜர். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். அதற்குள் அவருக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்துவிட்டது. பேசிவிட்டு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "பத்து நிமிஷத்துல காரணம் சொல்லணுமாம் சார். எழுத்துல."

யார் யார் இணைந்திருந்தார்கள் என்று பட்டியல் எடுத்தேன். விழுந்த நேரத்தில் நூற்று நாற்பது ஸ்கிரீன். அதில் நூற்றுப் பன்னிரண்டு இரண்டாம் எடைமேடையிலிருந்து. ஓட்டமாகப் போய்ப் பார்த்தேன். சுகன்யாவின் கம்ப்யூட்டரில் லாரிக்கு ஒன்றாக, மூடாமல், வரிசையாக ஸ்கிரீன்கள். எனக்கு எவ்வளவு ஆனந்தமாக இருந்தது தெரியுமா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிமிஷம் அந்தப் பெண்ணைக் கட்டிப்போட்டு ஊர்வலம் விடலாம் போல இருந்தது. திரும்பி வந்து மெயில் அடித்தேன். இரண்டாம் எடைமேடை ஆபரேட்டர் சுகன்யா நூற்றுக்கும் மேற்பட்ட ஸ்கிரீன்களை அலட்சியமாகத் திறந்து வைத்திருந்ததே மெமரி தீர்ந்துபோகக் காரணம். ஒன்பது பேருக்கு அனுப்பினேன். பத்து நிமிஷம் கேட்டார்கள், நான் ஏழு நிமிஷத்தில் முடித்தேன்.

மேனேஜர் அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு எடைமேடைக்குப் போனார். நானும் கூடப் போனேன். டிரைவர்கள் ஜன்னலைச் சுற்றி நின்றார்கள். சுகன்யா, சர்வர் விழுந்துகிடந்த நேரமெல்லாம், காலி எடையை ஒரு நோட்டில் எழுதி எழுதி வண்டிகளை உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். மேனேஜர் அத்தனை பேர் முன்னாலும் மெயிலைப் படித்துக்காட்டினார்.

"ஏம்மா, வேல முடிஞ்சா மூடணும்னு தெரியாதா?"

"வேல முடியலையே சார். வண்டி திரும்பி வரணும்ல? மூடிட்டா திரும்பத் தொறக்க மூணு நிமிஷம் ஆவுது. அதான் வச்சிருக்கேன்." பிறகு என்னைப் பார்த்தார். "சார், ரெண்டு வருஷமா இப்படித்தான் தொறந்து வச்சிருக்கேன். பொங்கலுக்கு முந்தியும் இதே கூட்டம் வந்துச்சு. அப்பல்லாம் வுழாதது இன்னைக்கு மட்டும் ஏன் சார் வுழுவுது?"

அதுதான் சரியான கேள்வி. அன்று காலையிலிருந்து அந்த ஆலையில் கேட்கப்பட்ட ஒரே சரியான கேள்வி. அதற்கு நான் சொன்ன பதிலையும் கேளுங்கள்.

"முப்பது வருஷமா இதுல இருக்கேம்மா. எனக்குத் தெரியாதா?"

மேனேஜர் அங்கேயே கான்ட்ராக்டருக்குப் போன் போட்டார். சாப்பாட்டுப் பையையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு, எழுதிய நோட்டை மேஜையிலேயே வைத்துவிட்டு, பதினொரு மணிக்கு அந்தப் பெண் வாசலைப் பார்த்து நடந்தார். கேட்டில் பாஸை வாங்கிக்கொண்டார்கள். எனக்கு அப்போது பாவமாகக்கூட இல்லை. பிரச்சினை தீர்ந்தது என்று டீ குடிக்கப் போனேன்.

முதல் எடைமேடையிலிருந்து ஒரு ஆபரேட்டரை அந்த இடத்தில் உட்கார வைத்தார்கள். ஒவ்வொரு ஸ்கிரீனையும் உடனே மூட வேண்டும் என்று நான் நேரில் போய்ப் பாடம் நடத்தினேன். மனுஷன் ஒரு மணி நேரம் மூடி மூடித் திறந்தார். லாரிக்கு மூன்று நிமிஷம். வரிசை இன்னும் நீண்டது. டிரைவர்கள் அவருடைய பரம்பரையையே இழுக்க ஆரம்பித்தார்கள். அவரும் மூடுவதை நிறுத்திவிட்டார். நாலு மணிக்கு சர்வர் விழுந்தது.

சுகன்யா இல்லை, சர்வர் விழுகிறது. இன்னைக்கு மட்டும் ஏன் வுழுவுது என்ற அந்தக் கேள்வியை அப்போதுதான் காதில் வாங்கினேன். சர்வர் எப்போது நின்று எழுந்தது என்று பார்த்தேன். நேற்று, பூஜை நேரம். எழும்போது என்ன படித்திருக்கும் என்று கோப்பைத் திறந்தேன். 'வேகத்துக்காகக் கூட்டப்பட்டது.' கீழே என் பெயர், தேதி.

நூற்றுப் பன்னிரண்டை இருநூற்று ஐம்பத்தாறால் பெருக்கிப் பார்த்தேன். சர்வரில் இருந்த மொத்த மெமரியே முப்பத்திரண்டு ஜிபி. அதில் பாதியை டேட்டாபேஸ் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தது. மிச்சப் பாதியில் நான் இருபத்தெட்டு ஜிபிக்குப் பந்தி போட்டிருக்கிறேன்.

இனிமேல் சொல்லப்போவதைத்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். இதுவரைக்கும் நான் வெறும் முட்டாள். முட்டாள்தனத்துக்கு நம் தொழிலில் மன்னிப்பு உண்டு.

எண்ணைப் பழையபடி நான்காக்கி, என் குறிப்பையும் அழித்துவிட்டு, டேட்டாபேஸை எழுப்பினேன். நாலு நிமிஷம். அதன் பிறகு விழவில்லை. ஆறு மணிக்குள் மெயின் ரோடு காலியானது. மேனேஜர் பூஜைப் பொரியும் வாழைப்பழமும் ஒரு தட்டில் வைத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். "சார் கை வச்சா தனிதான்" என்றார். நான் அந்தப் பொரியைத் தின்றேன். என்ன சரிசெய்தேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் மனசு உறுத்தியது. நிஜமாகவே உறுத்தியது. மறுநாள் காலை இன்னொரு மெயில் அனுப்பினேன். சர்வர் அமைப்பில் இருந்த ஒரு பிழை கண்டறியப்பட்டுச் சரிசெய்யப்பட்டது. அதே ஒன்பது பேருக்கு. அனுப்பிவிட்டு என் நேர்மையை நானே மெச்சிக்கொண்டேன். பிறகு மேனேஜரிடம் போய், "அந்தப் பொண்ண வரச் சொல்லிடலாம் சார்" என்றேன்.

"அது எப்படிங்க? ஒங்க மெயில்ல அந்தப் பொண்ணு பேரு இருக்கு. அத வச்சுத்தான் நான் கான்ட்ராக்டர்கிட்ட சொன்னேன். இப்பத் திரும்பக் கூப்பிட்டா மேல என்னையக் கேப்பாங்க."

"ரெண்டாவது மெயிலும் அனுப்பியிருக்கேனே."

"படிச்சேன். பிழைன்னு இருக்கு. அந்தப் பொண்ணு பண்ணுன பிழையாவும் இருக்கலாம்ல?"

அவர் கிண்டல் பண்ணவில்லை. அப்படித்தான் அதைப் படிக்க முடியும். இது தெரிந்தும் நான் அன்று முழுக்க மூன்றாவது மெயில் எழுதவில்லை. ஓய்வு பெற எனக்கு இரண்டு வருஷம்தான் இருந்தது. முப்பது வருஷம் சேர்த்த பெயர் ஒன்பது பேர் முன்னால் போகும். அதற்குப் பதிலாக அந்தப் பெண்ணை நேரில் பார்த்து ஆறுதலாகப் பேசிவிட்டு, வேறெங்காவது வேலை ஏற்பாடு செய்து தரலாம் என்று ஒரு யோசனை வந்தது. கோழைத்தனத்துக்கு இப்படிப் பல நல்ல யோசனைகள் கைவசம் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை விக்கிரமங்கலம் போனேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலில் மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்தது. அவருடைய அப்பா நாற்காலி எடுத்துப் போட்டு, "வாங்க சார், வெயில்ல வந்துருக்கீங்க" என்று மோர் கொடுத்தார். கோபமாக இருப்பார் என்று தயாராகப் போயிருந்த நான் அந்த மோரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு காணி சார் நாங்க குடுத்தது" என்றார். "அந்த எடத்துல இப்ப எட்டிப் பாத்தா தல சுத்தும், அம்மாம் பள்ளம். போவட்டும், புள்ளைக்கு ஒரு வேல ஆச்சேன்னு இருந்தோம். இவ அப்படி என்ன சார் தப்புப் பண்ணுனா? கேட்டா சொல்ல மாட்டேங்குறா."

சுகன்யா கதவோரம் நின்றிருந்தார்.

"அவங்க தப்பு ஒண்ணுமில்லைங்க. சர்வர்லதான் கோளாறு" என்றேன். "ரெண்டாவது மெயில்ல அதச் சொல்லிட்டேன்." போனை எடுத்து, அந்த ஒற்றை வரியை அப்பாவுக்குப் புரிகிற மாதிரி தமிழில் படித்துக்காட்டினேன்.

சுகன்யா முழுதாகக் கேட்டுக்கொண்டார். "மொத மெயில்ல என் பேரு இருந்துச்சு சார்."

"ஆமாம்மா."

"இதுல யாரு பேரு இருக்கு?"

"இந்த மாதிரி ரிப்போர்ட்ல பேரெல்லாம் போடற வழக்கம் இல்லம்மா" என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்த பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. அந்தப் பெண்ணின் பெயரைப் போட எனக்கு ஏழு நிமிஷம் போதுமானதாக இருந்ததே.

அங்கேயே உட்கார்ந்து மூன்றாவது மெயிலை எழுதினேன். அமைப்பை மாற்றியது நான். தவறாகப் புரிந்துகொண்டு மாற்றியதும் நான்தான். பூஜைக்கு நிறுத்தித் திரும்பப் போட்டபோது அது அமலுக்கு வந்ததைக் கவனிக்காததும், பிறகு அந்தக் குறிப்பை அழித்ததும் நானே. சுகன்யா மீது ஒரு தவறும் இல்லை. ஸ்கிரீன் திறக்கத் தாமதமாகிறது என்று மூன்று முறை என்னிடம் சொன்னவரே அவர்தான், சர்வர் விழுந்துகிடந்த நேரத்தில் எடையைக் கையால் எழுதி வண்டிகளை நிற்காமல் பார்த்துக்கொண்டவரும் அவர்தான். கடைசியில் என் பெயரை முழுதாக எழுதினேன். இரண்டு தடவை தப்பாக அடித்தேன். எழுதி முடித்ததும் இரண்டு பேருக்கும் சத்தமாகப் படித்துக்காட்டினேன். பெரியவர் தலையைக் குனிந்து மக்காச்சோளத்தைக் கிளறிக்கொண்டிருந்தார்.

அனுப்பும் பொத்தானில் விரலை வைத்தபோது சுகன்யா, "சார், ஒரு நிமிஷம்" என்றார்.

மன்னிப்பு கேட்டது போதும் சார், அனுப்ப வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படி நினைத்தேன், உள்ளுக்குள் கொஞ்சம் ஆசையும் இருந்தது.

"எனக்கும் ஒரு காப்பி போடுங்க சார். பாஸை வாங்கி வச்சுக்கிட்டாங்க. நாளைக்கு கேட்ல நிறுத்துனா காட்டணும்ல?"

அவர் முகவரி எனக்குத் தெரியாது. இரண்டு வருஷமாக ஒரே ஆலையில் இருந்தும் ஒரு மெயிலிலும் அவரை நான் சேர்த்ததில்லை. எழுத்து எழுத்தாக அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். அனுப்பினேன். தன் போனை எடுத்து, வந்துவிட்டதா என்று திறந்து பார்த்து, என் பெயர் இருக்கிற இடம் வரைக்கும் மெதுவாக நகர்த்திப் படித்தார்.

"வந்துருச்சு சார்" என்றார். "நாளைக்கு எனக்கு எந்த ஷிப்ட்?"